நாலடி பத்து அங்குலத்துக்கு ஒரு புடவை

செப்டம்பர் 13, சனி

காலை ஐந்து மணியிலிருந்து மழை. ஒன்பதுக்கு விட்டது. கொடியில் நேற்றைய துணி இன்னும் ஈரம். செம்பூர் முழுக்க ஈரத் துணி வாசனை.

இன்றைய வேலைகள்:
1. எங்கள் கட்டிடச் சொசைட்டி செக்ரெட்டரிக்குக் கடிதம். லிஃப்ட் கதவு. மூன்றாவது முறை.
2. கண் சொட்டு மருந்து.
3. தையல் பெட்டி ஒழிக்க.
4. என் உயரம் அளக்க.

நாலாவது முதலில் முடிந்தது. கதவு நிலையில் குதிகால் ஒட்டி நின்றேன். தலைமேல் அட்டை. சமையலுக்கு வரும் செல்வி டேப் பிடித்தாள். நாலடி பத்து. வேலையில் சேர்ந்தபோது மருத்துவச் சான்றிதழில் நாலடி பதினொன்று. ஓர் அங்குலம் போன இடம் தெரியவில்லை.

அளந்த காரணம், வத்சலாவின் கொலு. மாட்டுங்கா கான்வென்டில் மூன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள். இப்போது நெருளில் மகன் வீட்டில். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. போன வருஷம் மார்ச்சில் இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து கீழே இறங்கவில்லை. என் முழங்காலுக்குப் படி ஏறத் தடை. ஹார்பர் லைன் ரயிலில் அரை மணி நேரத் தூரம். பார்த்துப் பதினெட்டு மாதம்.

இந்த வருஷம் கொலுவைக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஓர் உலகத்தில் வைக்கிறாள். அங்கே ஆளுக்கு ஓர் உடம்பு. அவதார் என்கிறார்கள். அதை நாமே செய்து, நாமே உடுத்தி, நாமே நடத்திக்கொண்டு போகவேண்டும். வத்சலா (இனி வ.) ஆறு மாதமாக அங்கே இருக்கிறாள். இருபத்தைந்து வயது, கொடி இடை, இடுப்பு வரை கூந்தல். ஓடுகிறாள்.

என்னுடையதை ஆகஸ்டில் கண்ணாடியைப் பார்த்துச் செய்தேன். வெள்ளைக் கொண்டை, மூக்குக் கண்ணாடி. வயிறு, நேர்மையாக. இன்று உயரத்தையும் திருத்தினேன். திருத்திய பிறகுதான் தெரிந்தது, அங்கே எல்லோரும் ஏழடி. ஆண், பெண், எல்லோரும். கதவுகள் பன்னிரண்டடி. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தொங்குகிறது. ஏன் இப்படி என்று வ.விடம் கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான் இருக்கா. யாரு டேப் வெச்சுண்டு வரா?" என்றாள்.

ஒரு கடை இனாமாகக் கொடுக்கும் புடவை எடுத்துவந்தேன். அரக்கு, பச்சைக் கரை. உடுத்தினால் ரவிக்கை என் காது வரை. கொசுவம் தரைக்குள்.

கடிதம் எழுதவில்லை.


செப்டம்பர் 14, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை.

காலை முழுதும் உடை அளவு மாற்றுவது பற்றிப் படிப்பு. குறிப்புக்காக:

அங்கே உடை இரண்டு ஜாதி. ஒன்று, உடம்பின் எலும்போடு பிணைத்துத் தைத்தது. நடந்தால் அழகாக அசையும். ஆனால் நாம் கை வைக்க முடியாது. கடைக்காரன் கொடுத்த ஐந்து அளவில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மிகச் சிறியதும் எனக்குப் பெரிது. இரண்டாவது, உடம்பின்மேல் துண்டு துண்டாக மாட்டுவது. அதை இழுக்கலாம், சுருக்கலாம், நகர்த்தலாம். மூன்று அம்புகள் வரும். சிவப்பு அகலம், பச்சை முன்பின், நீலம் உயரம்.

என் புடவை இரண்டாம் ஜாதி. மொத்தம் இருபது துண்டு. கீழ்ச்சுற்று 1, கொசுவம் 9, இடுப்பு மடிப்பு 2, தலைப்பு 4, தோள் 1, ரவிக்கை 1, கை 2. கொசுவம் ஒன்பதும் தனித்தனி. யாரோ எங்கேயோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறார்கள். யாராக இருக்கும்? கொசுவம் பிடிக்கத் தெரிந்தவர்தான். கடைசி மடிப்பு சற்று அகலம், சரியாக.

உடையைத் தொட்டால் ஒரு பட்டியல் வருகிறது. கூட்டு, குறை. ஒரு சதவீதம், ஐந்து, பத்து. முழுதையும் குறைத்துக்கொண்டே போனேன். உயரம் சரியாயிற்று. ஆனால் நாலு விரல் கரை நூலாகிவிட்டது. கடையில் பட்டுப் புடவை, என்மேல் ஓரம் தைத்த டவல்.

வ.விடம் சொன்னேன். அவளுக்கு வேறு கவலை.

"மஹாளய பட்சத்துல புதுப் புடவை எடுத்தியாடீ?"

"அது துணியே இல்லையே."

"துணி இல்லைன்னா எதுக்கு ரெண்டு நாளா டேப்பும் கையுமா இருக்கே?"

டேப்பைச் சுருட்டி வைத்தேன்.


செப்டம்பர் 15, திங்கள்

வெயில். துணி காய்ந்தது.

செல்வி தோசைக்கு அரைத்துவிட்டு, கை துடைத்தபடி என் பின்னால் வந்து நின்றாள். சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியிலிருந்து வருகிறாள். அதற்கு முன்னால் தாராவியில் ஒரு சட்டைப் பட்டறையில் பத்து வருஷம் சட்டைக் கை தைத்து மாட்டினாளாம். இதுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"என்னம்மா, பொம்மைக்குச் சேலை உடுத்தி விடுதியளா?"

"அவதார்."

"அது என்னமோ. கரையக் காணோமே."

சுருக்கியதைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு பட்டறைக்காரியின் முகம் வந்தது. எனக்கு அது பிடித்தது.

"சைஸ் செட்டுன்னு ஒண்ணு போடுவோம்மா. எம்முல இருந்து எஸ்சு வெட்டணும்னா நீளத்துல ஒரு இஞ்ச் எடுப்பாக. கழுத்துல கால் இஞ்ச்தான். பாக்கெட்ட கொஞ்சூண்டு. பட்டன தொடவே மாட்டாக, அதே பட்டன். நீங்க பட்டனையும் சேத்துல்லா சுருக்கிட்டிய!"

எழுபத்தெட்டு வயதில் புதிதாகத் தெரிந்துகொண்டது: சின்ன உடை என்பது பெரிய உடையின் சின்னப் படம் அல்ல.

போகும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே இன்னொன்று சொன்னாள்.

"சேலைக்கு எதுக்கும்மா ஆல்ட்டர்? எங்க அக்கா நெட்டக்கொக்கு, நான் இவ்ளோதான். ரெண்டு பேரும் ஒரே சேலையத்தான் மாத்தி மாத்தி உடுத்துனோம். நான் இடுப்புல கூட ஒரு சாண் உள்ள சொருகுவேன். வேற என்ன?"

கதவைச் சாத்தியபின் வெகு நேரம் அதையே யோசித்தேன். எந்த உயரத்துக்கும் வெட்டாமல் தைக்காமல் பொருந்துகிற ஒரே உடை. அங்கே போனதும் அதற்கு இருபது இடத்தில் திருத்தம் வேண்டியிருக்கிறது. மடங்குவது நின்றால் புடவை புடவையாக இல்லை.


செப்டம்பர் 16, செவ்வாய்

தூறல். இன்று நடந்த முட்டாள்தனத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பட்டியலின் கடைசிப் பொத்தான், அளவை நிரந்தரமாக்கு. அரைகுறையாக எதையும் விட்டுவைப்பது எனக்கு ஆகாது. முன்புறம் சரியாகத் தெரிந்ததும் அழுத்தினேன். அதன்பின் அவதாரைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் ரவிக்கைக்கும் இடுப்பு மடிப்புக்கும் நடுவே ஒரு ஜாண் இடைவெளி. பழையபடி ஆக்க வழியில்லை. மாற்றும் கருவியையே அந்தப் பொத்தான் துடைத்துவிடுமாம்.

முதல் பிரதி இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. காலையில் நான்தான் அழித்தேன். ஒரே பொருள் இரண்டு கிடந்தால் கண்ணை உறுத்தும். ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் வேண்டாத கார்பன் காப்பியைக் கிழித்த கை.

இன்னொரு புடவை எடுக்க அதே கடைக்குப் போனேன். வாசலில் ஒரு காவல்காரன். ஏழரை அடி, தோளில் இறக்கை. குழந்தைகள் பெரியவர் துணையில்லாமல் வரக்கூடாது என்று எழுதினான். பின்னால் திரும்பிப் பார்த்தேன், எந்தக் குழந்தை என்று. யாரும் இல்லை.

நல்ல இங்கிலீஷில் பதில் எழுதினேன். தம்பி, எனக்கு எழுபத்தெட்டு வயது, உயரம் இவ்வளவுதான், வழிவிடவும். கமா, முற்றுப்புள்ளி உட்பட. அவன் மூன்றே எழுத்து அனுப்பினான். சிரிப்பு என்று அர்த்தமாம். அடுத்த நொடி நான் வெளியே, ஒரு வெறும் புல்வெளியில்.

முப்பத்தைந்து வருஷ வேலையில் யாரும் என்னை வாசலில் நிறுத்தியதில்லை.

வெள்ளைக் கொண்டை அவன் கண்ணில் படவில்லையா? உயரம் மட்டும்தான் பட்டிருக்கிறது. விசித்திரம். அங்கே யாரும் கிழவி இல்லை. அதனால் குட்டையாக ஒருத்தி வந்தால் குழந்தை.


செப்டம்பர் 17, புதன்

மழை.

காலையில் வ. போன். நேற்றைய கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"கொலுவுக்கு வரவாள்ளாம் இப்படிக் கேக்கப்போறா. கிரிஜாவுக்கு வேற நான் பதில் சொல்லணும்." கிரிஜா கலிஃபோர்னியாக்காரி, வ.வோடு சேர்ந்து கொலு வைப்பவள். நான் பார்த்ததில்லை. "ஏழடி ஆயிக்கோயேன். ஒரே ஒரு இழுப்பு. எல்லாப் புடவையும் தானா சரியாயிடும். நோக்கும் வேலை மிச்சம்."

"என் உயரம் நாலடி பத்து."

"யாருடீ கேட்டா?"

"நான் கேக்கறேன். பொய் உடம்போட வந்து நிக்க நேக்குத் தெரியாது. நீ வேணா நின்னுக்கோ."

சொன்னதும் தெரிந்தது. வாயிலிருந்து போனதற்குத் திரும்பும் வழி கிடையாது.

வ. பக்கமிருந்து டிவி சத்தம் மட்டும் கேட்டது, அவள் மாட்டுப்பெண்ணின் மராத்தி சீரியல்.

பிறகு மெதுவாக: "நெஜ உடம்பு எப்படி இருக்குன்னு நோக்குத் தெரியுமா சாரதா? பாத்து ஒன்றரை வருஷமாச்சு."

வைத்துவிட்டாள்.


செப்டம்பர் 18, வியாழன்

போன் இல்லை. நானும் பண்ணவில்லை.

கடையில் புதுப் புடவை கிடைத்தது. காவல்காரன் இல்லாத நேரம். இந்த முறை முதல் வேலை, நாலு பிரதி. வெவ்வேறு பெயரில். கண்ணை உறுத்துகிறது. உறுத்தட்டும்.

செல்வி சொன்னபடி செய்து பார்த்தேன். கொசுவத்தை உயரத்தில் சுருக்கவே இல்லை. அகலம் மட்டும் குறைத்து, அப்படியே மேலே தூக்கி, மேல் முனையை வயிற்றுக்குள் தள்ளினேன். அவதார் உடம்புக்குள் போனது வெளியே தெரியாது. மிச்சம் பதினோரு அங்குலமும் உள்ளே. கரை நாலு விரல், முழுசாக, தரைக்கு அரை அங்குலம் மேலே.

கொடி இடைக்காரிகளுக்கு இது முடியாது. ஒளிக்க இடம் இல்லை. வயிறு நேர்மையாக வைத்தது பயன்பட்டது.

இதை உடனே வ.விடம் சொல்லக் கை போனது.


செப்டம்பர் 19, வெள்ளி

நெருளுக்குப் போய்விடலாமா என்று செல்வியிடம் கேட்டேன். ரயிலில் பிரச்சினை இல்லை, ஸ்டேஷனில் ஆட்டோ உண்டு. மூன்று மாடி.

"நாலு பேரு நாற்காலியோட தூக்கணும். நம்ம கேம்ப்ல ஆளு இருக்கு. சொல்லட்டா?"

என்னை நாற்காலியில் தூக்கிக்கொண்டு போய் வ. வாசலில் இறக்குவதா? வேண்டாம் என்றேன். கொஞ்சம் கோபமாகவே. செல்வி ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள். அங்கிருந்து, எனக்குக் கேட்கட்டும் என்றே: "சண்டைய போட்டுட்டு போனைப் பாத்துக்கிட்டே இருப்பாக. பெரிய படிப்பு படிச்சவுக."

கொசுவத்தின் ஓர் ஓரம் முதுகுப் பக்கம் முளைத்தது. மூன்று டிகிரி திருப்பினேன். போயிற்று.


செப்டம்பர் 21, ஞாயிறு

மஹாளய அமாவாசை. காக்காய்க்குச் சாதம். பால்கனியில் புறாதான் வந்தது, துரத்தினேன்.

உட்கார்ந்து பார்க்காமல் எந்த உடையையும் நம்பக்கூடாது. தையல் வகுப்பில் சிஸ்டர் சொல்வார், நின்றால் எல்லோரும் அழகிதான் என்று. என் அவதாரை உட்காரவைத்தேன். தலைப்பு தொடையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்தது. தலைப்பின் நாலு துண்டையும் சற்று பின்னால் தள்ளினேன். இப்போது நின்றால் தோளை விட்டு ஒரு நூல் விலகியிருக்கிறது. நிற்பதா உட்காருவதா, ஒன்றைத்தான் திருப்திப்படுத்தலாம். கொலுவுக்குப் போனால் உட்காரவேண்டி வரும். உட்காருவதற்கே வைத்தேன்.

கொலுவுக்குப் போகிறேனா? தெரியவில்லை. எதற்கு இவ்வளவும் செய்கிறேன் என்றும் தெரியவில்லை. துணி வளையாத இடத்தில் அதை வளைந்ததுபோல் காட்டுவது, அதில் ஓர் ஆசை.


செப்டம்பர் 22, திங்கள்

நவராத்திரி ஆரம்பம். கீழ் வீட்டில் சுண்டல் தாளிக்கும் வாசனை.

அழைப்பு வந்தது. கம்ப்யூட்டரில் ஒரு மஞ்சள் அட்டை, 'கொலுவுக்கு அவசியம் வரவும்.' வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு விசேஷ பூஜை, கலிஃபோர்னியாவில் அப்போது வியாழன் சாயங்காலம், ஆனாலும் இந்தியக் கணக்கில் வெள்ளிதான் என்று குறிப்பு. அந்தக் குறிப்பு வ. எழுதியதுதான். அவளுக்குத்தான் அந்தப் பிடிவாதம் வரும்.

ஆனால் அட்டை எல்லோருக்கும் தானாகப் போவது. வ. என்னை நினைத்து அனுப்பினாளா, பட்டியலில் என் பெயரை எடுக்க மறந்தாளா? மூன்று முறை படித்தேன். அட்டையில் தெரியவில்லை.

செல்விக்கு இதில் சந்தேகமே இல்லை. "கூப்ட்டாகன்னா போவணும்லா. கூப்டலைன்னாலும் சண்ட போட்ட வீட்டுக்குப் போவணும். அப்பதானே மீதி சண்டையப் போட முடியும்?"


செப்டம்பர் 24, புதன்

ஒன்றும் விசேஷமில்லை. லிஃப்ட் கடிதம் கொடுத்தாயிற்று. செக்ரெட்டரி, "ஆன்ட்டி, ஹோ ஜாயேகா" என்றார், ஆகிவிடுமாம். போன முறையும் அதே மூன்று வார்த்தை.

ஏழடி ஆகிவிடலாமா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். ஒரே இழுப்புதான். வ. சொன்னது சரி. பத்து நிமிடம் அந்த நெட்டை மனுஷியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மாதிரியாகத்தான் இருந்தாள். யாரென்று தெரியவில்லை.

பழையபடி இறக்கிவிட்டேன். என்னை அங்கே நிறுத்தினால் அது பொய். வ. விஷயம் அப்படியா? அவள் ஓடும்போது சிரிக்கிறாள். நான் காதில் கேட்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பு எந்த உடம்புடையது?


செப்டம்பர் 26, வெள்ளி

விடியற்காலையில் குளித்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கு எதற்குக் குளியல், எதற்குச் சலவைப் புடவை? கேட்க ஆளில்லை. செய்தேன்.

ஏழு இருபத்தைந்துக்குப் போனேன். கூடம் பெரிது. ஒன்பது படி, பொம்மை எல்லாம் ஆள் உயரம், என் உயரம். நடுப்படியில் செட்டியாரும் செட்டிச்சியும் என்னைவிட ஒரு கை அதிகம். பதினோரு பெண்கள். என் முகத்துக்கு நேராகப் பதினோரு ஒட்டியாணம். வ. கோடியில், விளக்குப் பக்கம், கிளிப்பச்சைப் புடவையில். என்னைப் பார்த்தாளா என்று சொல்ல முடியாது. அவதாரின் கண் எப்போதும் எங்கேயாவது பார்த்துக்கொண்டிருக்கும்.

கிரிஜா பேசிக்கொண்டிருந்தாள். குரல் வழியாக, எல்லோருக்கும் கேட்கும்படி. "எல்லாம் ரெடி மாமி, கன்யா பூஜைக்குத்தான் ஒரு கொழந்தை கிடைக்கலை. இந்த வேர்ல்டுல கொழந்தைக்கு எங்கே போறது?"

அப்போது என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ! யார் ஆத்துக் கொழந்தை இது? பாருங்கோளேன், பாட்டி வேஷம்! வெள்ளைக் கொண்டை, மூக்குக் கண்ணாடி, தொப்பைகூட வெச்சு விட்டிருக்கா! எவ்ளோ டீடெயில்! ஃபர்ஸ்ட் ப்ரைஸ் இதுக்குத்தான்!"

பதினோரு பேரும் கைதட்டினார்கள். அதற்கும் ஒரு பொத்தான் உண்டு.

நவராத்திரியில் குழந்தைகளுக்கு வேஷம் போட்டு அனுப்புவது வழக்கம். அந்தப் பெண்மேல் தப்பில்லை. ஆனால் என் காது சூடானது. இரண்டு வாரம் பார்த்துப் பார்த்து அளந்த என் சொந்த உடம்பை வேஷம் என்கிறாள். பதில் எழுத ஆரம்பித்தேன். முதல் வாக்கியம் தப்பு, அழித்தேன். இரண்டாவதும். வெளியே போய்விடும் பொத்தானைத் தேடினேன்.

"கொழந்தை இல்லை, கிரிஜா."

வ. குரல். ஒன்பது நாளுக்கப்புறம்.

"அது என் ஃப்ரெண்ட் சாரதா. எழுபத்தெட்டு வயசு. என்னைவிட ஒரு மாசம் மூத்தவ. வேஷம் எல்லாம் இல்லை, அவ இருக்கறதே அப்படித்தான். டேப் வெச்சு அளந்துண்டு வந்திருக்கா."

கைதட்டல் நின்றது. கிரிஜா, "ஸாரி மாமி, ரொம்ப ஸாரி, நேக்குத் தெரியாது" என்று நாலு முறை. நடுக்கூடத்தில் கன்யாவுக்குப் போட்டிருந்த மனையை எடுக்கப் போனாள்.

"மனையை எடுக்காதே," என்றாள் வ. "அவ உயரத்துக்குத்தான் இருக்கு. உட்காருடீ சாரதா."

ஆரம்பித்த வேலையை நடுவில் நிறுத்துவது எனக்கு எப்போதும் பிடிக்காது. அதையே எழுதினேன். போய் உட்கார்ந்தேன். தலைப்பு தொடையைத் துளைக்கவில்லை. கொசுவம் விசிறிபோல் மனைமேல் விழுந்தது. யாரோ, "புடவை எவ்ளோ நன்னா உட்கார்ந்துருக்கு!" என்று எழுதினார்கள். குறித்துவைக்கிறேன்.

பெயர் தெரியாத ஒருத்தி எழுதினாள், 'மாமி சுமங்கலியா?' என்று.

இவர் போய் ஆறு வருஷம். கொலுவுக்குப் போகும் வீட்டில் எனக்கும் பழமும் பையும் கொடுப்பார்கள். குங்குமச் சிமிழ் மட்டும் என் முன்னால் ஒரு நொடி தயங்கிவிட்டு அடுத்தவளிடம் போகும். குறையாகச் சொல்லவில்லை. நான் கவனிப்பவள், அவ்வளவுதான்.

வ. சொன்னாள்: "கன்யாவுக்கு அதெல்லாம் கேக்கறதில்லை."

பிறகு கூடத்தைக் கடந்து வந்தாள். ஏழடி உடம்பு, கிளிப்பச்சைப் புடவை. என் முன்னால் முழங்கால் மடித்துத் தரையில் உட்கார்ந்தாள். எவ்வளவு சுலபமாக மடங்கியது! காலைக் கழுவி, துடைத்து, நலங்கு இட்டாள். அங்கே எல்லாம் ஒவ்வொரு அசைவு, ஒவ்வொரு பொத்தான். ஆனால் குரல் அவளுடையது, மூச்சு வாங்கியது. "காலை நீட்டுடீ. இன்னும் கொஞ்சம். நேக்கு எட்டலை." எட்டாமல் என்ன? ஏழடி. சிரிக்கிறாள். அந்த ஓடும் சிரிப்பு.

கடைசியில் குங்குமம். தானாக வந்து என் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. அளவு பார்த்தேன். நடு வகிட்டுக்கு நேராக, புருவத்துக்கு மேலே, சரியான இடம். சுருக்கவோ நகர்த்தவோ ஒன்றுமில்லை. விட்டுவிட்டேன்.

கன்யாவுக்குக் கொடுக்கும் பாவாடை சட்டைப் பெட்டி ஒன்றும் தந்தார்கள். கூடத்தை விட்டு வெளியே வந்ததும் அவதாருக்குப் போட்டுப் பார்த்தேன். ஊதாப் பாவாடை, மஞ்சள் சட்டை. கை, இடுப்பு, நீளம் எல்லாம் டேப் வைத்துத் தைத்ததுபோல. ஓர் அங்குலம் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

செல்வி பார்த்துவிட்டு, "இதை முதல்லயே வாங்கியிருக்கலாம்லா" என்றாள்.


செப்டம்பர் 27, சனி

பளீரென்று வெயில். மழை போய்விட்டதோ.

பத்து மணிக்கு நானே போன் பண்ணினேன். வ. எடுத்ததும் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"அந்தக் கிளிப்பச்சைப் புடவை உனக்குச் சரியாவே இல்லை. கரை முழங்காலுக்கு நேரா வளையறது. இடுப்பு மடிப்பு ஒட்டவே இல்லை. ஏழடிக்குன்னு செஞ்சதுதான், ஆனா உன் ஏழடிக்குச் செஞ்சதில்லை."

"அப்படியா? எல்லாரும் நன்னாயிருக்குன்னாளே."

"எல்லாருக்கும் என்ன தெரியும்? நான் சரி பண்ணித் தரேன். அளவு சொல்லு."

"எந்த உடம்போட அளவு?"

கிண்டலா இல்லையா, குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ரெண்டும்," என்றேன். "தனித்தனியா எழுதிக்கறேன்."

ஏழடியாள் கணக்கு உடனே வந்தது, திரையைப் பார்த்து வாசித்தாள். உயரம் ஆறடி பதினொன்று. இடுப்பு இருபத்தைந்து. தோள் பதினாறரை.

"இன்னொண்ணு?"

தாளின் நடுவே கோடு போட்டேன்.

"அதுக்கு எழுந்து நிக்கணுமே," என்றாள்.

"நேரம் இருக்கு."

"சுவர் கிட்ட போகணும். குதிகால் ஒட்டி நிக்கணும்னு சொல்லுவே."

"ஆமாம்."

"மாட்டுப்பெண்ணைக் கூப்பிடறேன், டேப் பிடிக்க. நீ வெச்சுடாதே."

போனைக் கட்டில்மேல் வைக்கும் சத்தம். மராத்தியில் யாரையோ கூப்பிட்டாள். பிறகு வாக்கரின் நாலு காலும் தரையில் பட்டது. ஒருமுறை. நின்றது. இன்னொரு முறை.

பென்சிலைக் கூராக்கி வைத்துக்கொண்டேன்.